குலவை போட்டு எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் டாக்டராக இருந்தேன். வயிற்றில் பிள்ளையா, கல்லா என்று பார்ப்பதுதான் அந்த இயந்திரத்தின் அன்றாடப் பிழைப்பு. ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டரம்மா அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் கீழே இறங்கிவிட்ட பெண்களுக்கு அவர் தூக்கித் தைத்தது நிற்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கருவியைத் தொடைகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பேன். சும்மா படுத்திருந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். முக்கினாலோ இருமினாலோதான் குட்டு வெளிப்படும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். அதற்கு முன்னால் நான் எடுத்த படத்தில், ஒரு சின்ன இருமலுக்கே மூத்திரப்பை இடுப்பின் முன்னெலும்புக்குக் கீழே சரிந்திருந்தது. அவர்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் முதல் குலவை அவருடையதுதானாம். ஆறு வருஷமாகப் போடவில்லை. போட்டால் சேலை நனைந்துவிடும். இப்போது மகளுக்கே கல்யாணம்.

"தாலி கட்டுத நேரத்துல நான் குலவ போடலாமா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"கொஞ்சம் முக்குங்கம்மா."

மாட்டேன் என்றார்.

"முக்கக் கூடாது, இருமக் கூடாது, கொடம் தூக்கக் கூடாதுன்னு பெரிய டாக்டரம்மா சொல்லிருக்காவ. நீங்க முக்கச் சொல்லுதீய. நான் யாரு பேச்சக் கேக்க?"

டாக்டர் சொன்னதை இப்படி எழுத்துக்கு எழுத்து கேட்கும் நோயாளியை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ட அன்று எரிச்சல்தான் வந்தது. எனக்குப் பொறுமை கம்மி. வெளியே வராந்தாவில் பத்துப் பதினைந்து பெண்கள் வேறு காத்திருந்தார்கள். கெஞ்சினேன், மிரட்டினேன், பெரிய டாக்டரம்மாவே அனுமதி தந்துவிட்டார் என்றும் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

"குலவ போடக் கூடாதுன்னு சொன்னாவளா?" என்று கடைசியில் கேட்டேன்.

யோசித்தார். "அத மட்டும் சொல்லல."

"அப்பம் போடுங்க."

"நனைஞ்சிட்டுன்னா?"

"நனைஞ்சா தொடச்சிக்கிடலாம்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தார். அந்தச் சின்ன அறையில் அவ்வளவு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. துள்ளிவிட்டேன். கருவி நழுவி, திரையில் ஒன்றுமே இல்லை. அசட்டுச் சிரிப்போடு இன்னொரு தடவை கேட்டேன். இந்தத் தடவை கையை அசைக்காமல் திரையையே பார்த்தேன். குலவை ஏற ஏற மூத்திரப்பை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். எலும்புக்கு மேலேயே நின்றது.

படத்தை நிறுத்தி அளந்தேன். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "பாருங்கம்மா, இது அன்னைக்கி, இது இன்னைக்கி!" எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கையைக் கீழே விட்டு விரிப்பைத் தடவினார். காய்ந்திருந்தது. மறுபடியும் தடவினார். பிறகு எழுந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே மூன்றாவது குலவையை எடுத்தார்.

"போதும்மா, படம் எடுத்தாச்சு."

"இது படத்துக்கில்ல டாக்டரம்மா" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடியும் தொடர்ந்தார்.

வராந்தாவில் இருந்தவர்களுக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. ஆனால் ஒருத்தி குலவை போட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வெளியே ஒருத்தி எடுத்தாள், பிறகு எல்லாரும். நானும் சேர்ந்து போட்டேன். எனக்கு அது சரியாக வராது.