ஒரு வருஷத்து ராணி

என் கணவர் கிங்ஸ்பரியில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். எண்பதுகளின் கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த செயற்குழு என்னையே தலைவியாக்கியது. "ஒரு வருசம், ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நீங்கள் இருங்கோ அக்கா. பிறகு பாப்பம்" என்றார் பொருளாளர். இரக்கம் என்று நினைத்தேன். உண்மையில், அடுத்த தலைவர் யார் என்று தங்களுக்குள் அடிபட்டு முடிக்க அவர்களுக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது.

செவ்வாய் மாலைகளில் வெறும் வீட்டில் இருக்க ஏலாமல் கவுன்சில் நடத்திய சரித்திர வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஹீற்றரும் நன்றாக வேலை செய்தது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன், ஆங்கிலோ-சாக்சன் காலத்தில், இங்கே இருந்த வெசெக்ஸ் என்ற சிறு நாட்டின் அரசன் இறந்தபின் அவன் மனைவி ஒரு வருஷம் ஆண்டாளாம். பெண்ணுக்குக் கீழே போருக்குப் போகமாட்டோம் என்று பிரபுக்கள் அவளைத் துரத்திவிட்டதாகப் பல நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் எழுதினாராம். உண்மையோ தெரியாது என்றார் ஆசிரியை. எனக்குத் தெரியும். நான் எங்கள் பொருளாளரைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குள் தமிழ்ப் பள்ளி எனக்குப் பிடித்துவிட்டது. அதை விட்டால் சனிக்கிழமையும் அந்தச் செவ்வாய் மாலைகள் மாதிரி வெறும் வீடாகிவிடும். பயமாக இருந்தது.

திவசத்தன்று பொருளாளர் இரண்டாம் முறையும் பாயாசம் வாங்கிக்கொண்டு சொன்னார்: "அக்கா, வாற கிழமை பள்ளிக்கூட ஆண்டு விழாவிலை நான் விளக்கேத்திறன். நீங்களும் களைச்சுப் போனியள்."

"தலைவர்தானே ஏத்திறது?"

"ஓம்... எண்டாலும் நீங்கள்..." என்று என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். தாலி கழற்றியவள் மங்கல விளக்கு ஏற்றுவதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வடையும் போடட்டோ தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

விழாவன்று அவர் பட்டு வேட்டியுடன் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு திரிந்தார். அது என் கைப்பையில் இருந்தது. மேடையேறி ஐந்து திரியையும் நானே கொளுத்தினேன். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர்கள் பிள்ளைகளின் நடனம் அதற்குப் பிறகுதான் இருந்தது.

பொருளாளர் மெல்ல அருகே வந்தார். "அக்கா, ஒரு வருசம் முடிஞ்சுதல்லோ?"

"ஓம் தம்பி, இரண்டாவது துவங்கீற்றுது. அந்தப் பக்கத் திரை இழுபடேல்லை, ஒருக்கா போய்ப் பாருங்கோ" என்றேன்.

போனார்.