நிழலில் வைத்த செருப்புகள்

என் அண்ணன் மகள் ஜெனிஷாவைப் போல எதையும் பாதியில் விடுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும், நான் அவளுக்கு அத்தை. அரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு லீவில் என்னிடம் தையல் பழக வந்தவள், ஒரு பாவாடைக்கு மடிப்பு அடிப்பதற்குள் கழுத்து வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த லீவில் டைப்பிங் கிளாஸ். அங்கே ஃபேன் ஓடவில்லையாம், நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தை மட்டும் எப்படி முடித்தாள் என்பது அந்த ஆண்டவருக்கே வெளிச்சம்.

இந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் தருமபுரிக்குப் போய் பி.காம் படிப்பேன் என்று அடம்பிடித்தாள். என் அண்ணன் சவரி லேசில் மசிகிற ஆள் இல்லை. மரவள்ளிக் காட்டோடு மல்லுக்கட்டுகிற மனிதர், எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேர் வரும்போது விசில் ஊதி ஜனத்தை வரிசையில் நிறுத்துகிறவரும் அவர்தான். வரிசை கலைந்தால் சாமியாரையே முறைப்பார். மகளையும் அப்படித்தான் முறைத்தார்.

"காலேஜையும் பாதியில வுட்டுட்டு வந்து நிப்ப. மொதல்ல ஒரு வேலைக்குப் போ. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரே எடத்துல நின்னு காட்டு. நின்னா சேத்து வுடறேன். இல்லன்னா காலேஜ் பேச்சையே இந்த வூட்ல எடுக்கக் கூடாது" என்றார்.

பாவம், அவளும் வெயிலில் அரூர் முழுக்க அலைந்தாள். ஜவுளிக்கடையில் பதினெட்டு முடியட்டும் என்றார்கள். செல்போன் கடையில் ஸ்கூட்டி ஓட்டத் தெரிய வேண்டுமாம். ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர், உட்கார வைத்து மோர் கொடுத்து, தமிழ் டைப்பிங் தெரியுமா என்று கேட்டாராம். அந்த ஓடாத ஃபேனை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்திருப்பாள். என் கடையில் வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜாக்கெட் வாங்க வந்தார் ராமக்காள். தீர்த்தமலை அடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறவர். கடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். நாங்கள் வேதக்காரர்கள், மலைக்கோயில் கடையில் எப்படி என்று நான் இழுத்தேன்.

"செருப்புக்கு என்னாங்க மதம்? கண்ணு நல்லாத் தெரிஞ்சாப் போதும்" என்றார் அந்த அம்மா.

செருப்பு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. விஷயம் என்னவென்றால், அடிவாரக் கடையில் அர்ச்சனைத் தட்டு வாங்குகிறவர்கள் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். டோக்கன், சீட்டு ஒன்றும் கிடையாது. விட்ட இடம்தான் அடையாளம். கல்லுக்கிட்ட விட்டவர் கல்லுக்கிட்ட வந்து மாட்டிக்கொண்டு போவார், குடத்துக்கிட்ட விட்டவர் குடத்துக்கிட்ட. அதைக் காவல் காக்கிற வேலை. ஜெனிஷா அப்போதே சரி என்று தலையாட்டிவிட்டாள். அண்ணனிடம் மட்டும் பூஜைச் சாமான் கடையில் வியாபாரம் என்று சொன்னோம். அதுவும் பொய் இல்லையே. செருப்பு என்ற பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பெண் நின்றாள். விடியக்காலை பஸ், அண்ணி ரோசம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோறு, சாயங்காலம் திரும்பும்போது என் கடையில் ஒரு டீ. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். வந்தால் ஒரே கதைதான். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களின் செருப்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்குமாம். சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களுடையது ஆளுக்கொரு மூலையில் கிடக்குமாம். சிரித்துச் சிரித்து எனக்கு ஊசி இடம் மாறும்.

ரிசல்டுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது வந்தது வினை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் யாரோ ஒரு புண்ணியவான் என் அண்ணனிடம், உன் மகள் தீர்த்தமலையில் செருப்புக் காக்கிறாளே என்று போட்டுக் கொடுத்துவிட்டான். ஈஸ்டருக்கு வாங்கிய புதுத் தோல் செருப்பும் வெள்ளை வேட்டியுமாக அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். பின்னால் ஏறு என்றார். ஏறினேன். வழி முழுக்க ஹாரனை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தார். அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

அங்கே அதற்குள் எங்கள் ராசாத்தி ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். உச்சி வெயில். ராமக்காள் சாப்பிடப் போயிருந்தார். படியெல்லாம் கொதிக்க, வெறுங்காலோடு இறங்கி வருகிறவர்கள் செருப்பை மாட்டியதும் ஐயோ என்று துள்ளுவதைத் தினமும் பார்க்கிறவள் அல்லவா? மனசு கேட்கவில்லை. வெயிலில் கிடந்த அத்தனை செருப்பையும் அள்ளிக் கடைக்குப் பின்னால் வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய்விட்டாள். அத்தோடு விட்டாளா? ஆம்பளைச் செருப்பு ஒரு பக்கம், பொம்பளைச் செருப்பு ஒரு பக்கம், நீலவார் ரப்பர் செருப்பெல்லாம் ஒரே வரிசை என்று அழகாக அடுக்கியும் வைத்துவிட்டாள். ஒன்றையும் பாதியில் விடவில்லை.

இறங்கி வந்தவர்கள் கல்லுக்கிட்டப் பார்த்தார்கள், குடத்துக்கிட்டப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று ஒருவர் கத்த, மரத்தடியில் இருக்கிறது என்று இன்னொருவர் ஓட, நாங்கள் போய் இறங்கியபோது மரத்தடியே ரணகளம். ஒரே மாதிரி நீலவார், எது யாருடையது? என் கால் பெருவிரல் தடம் பார் என்கிறார் ஒருவர். உன் கால் இவ்வளவு பெரிசா என்கிறார் இன்னொருவர். நடுவில் மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் செருப்போடு எங்கள் ஜெனிஷா.

அண்ணன் மரத்தடி ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்குள் போனார். கடையோ கொல்லையோ, அடுத்தவர் இடத்துக்குள் காலணியோடு நுழையக் கூடாது என்பது அவர் பழக்கம், கோபத்திலும் அது மறக்காது.

"கெளம்பு வூட்டுக்கு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலேஜ் கைவிட்டுப் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"இவங்க எல்லாரும் செருப்பு போட்டுக்கிட்டுப் போவட்டும்ப்பா. பாதியில வுட்டுட்டு வர மாட்டேன்" என்றாள்.

அப்போது ஒரு பையன் குறுக்கே புகுந்து ஒரு ஜோடியை இழுக்க, இரண்டு பேர் அவன் மேல் விழ, ஒரே தள்ளுமுள்ளு. முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் அண்ணனால் முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தீர்த்தமலையே திரும்பிப் பார்த்திருக்கும். ஒரு குடும்பம் வாங்க, எடுத்துட்டுப் போங்க, அப்புறம் அடுத்த குடும்பம் என்று வரிசை போட்டுவிட்டார். யாருக்கும் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. மகள் ஒவ்வொரு ஜோடியாக நீட்ட, இவர் வாங்கிக் கொடுத்தார். ஒரு குழந்தைக்குக் குனிந்து தானே மாட்டியும் விட்டார். செருப்புக் காவல் கேவலம் என்று சொல்ல வந்த மனிதர்! நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். காலை உள்ளே விட்டவர்கள் சுடவில்லையே என்று சொல்லிக்கொண்டே போனார்கள், சிலர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ராமக்காள் மூச்சிரைக்க வந்தார். பாதி வழியிலேயே சேதி எட்டியிருக்கிறது. நாளைக்கு நீ வர வேண்டாம் பாப்பா என்று ஆரம்பித்தார்.

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "அதெப்படிங்க வர வேணாம்பீங்க? ரிசல்ட் வர்ற வரைக்கும்னுதான பேச்சு? ஒரு ஜோடிகூட மாறலைங்க. எம் பொண்ணு ஒண்ணையும் பாதியில வுடலைங்க" என்றார்.

ராமக்காள் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அப்புறம் அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்து, சரி வரட்டும், ஆனால் விட்டது விட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்றார். இடத்தையே நிழலுக்கு மாற்றிவிடலாமே என்றாள் ஜெனிஷா. வாயை மூடு என்று நான் கிள்ளினேன்.

புறப்படும்போதுதான் பார்த்தோம். அண்ணனின் புதுத் தோல் செருப்பைக் காணோம். மரத்தடியில் மிச்சம் கிடந்தது வார் தேய்ந்த ஒரு பழைய ரப்பர் ஜோடி மட்டும். ஈஸ்டர் செருப்பை யாரோ ஜம்மென்று போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஜெனிஷாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

அண்ணன் அந்தப் பழைய ஜோடியைக் காலால் திருப்பி நேராகப் போட்டார். ஒரு காலை விட்டார். இன்னொரு காலையும் விட்டார். வெயிலில் நான்கு எட்டு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சில்லுன்னுதான் இருக்குது" என்றார் என்னிடம். பிறகு மகளைப் பார்த்து, "ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ இங்கதான இருப்ப? என்னோடது திரும்பி வந்தா, நெழல்ல எடுத்து வை பாப்பா" என்றார்.