வியாழக்கிழமை எடை

பாலிடெக்னிக்கில் அளவைக் கருவிகள் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, ஒரே பொருளைப் பத்துத் தடவை வைத்தால் பத்துத் தடவையும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா, சின்ன மாற்றத்துக்கும் அசைகிறதா என்று மாணவர்களை நச்சரிப்பதுதான் என் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தபோது மகள் பிறந்தாள். எடை குறைவாகப் பிறந்தாள். அதோடு என் நிம்மதி போயிற்று.

வாராவாரம் எடை பாருங்கள், ஏறாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். பக்கத்து அங்கன்வாடியில் ஒரு வில் தராசு தொங்கியது. ஒன்றும் மாட்டாமலே அது கால் கிலோ காட்டியது. இதை நம்பியா பிள்ளை வளர்ப்பது என்று அங்கேயே கத்திவிட்டு, பிரின்சிபாலிடம் கெஞ்சி ஆய்வகத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படிக்கற்களை ஏற்றியும் இறக்கியும் சோதித்தேன். அப்பழுக்கில்லாத தராசு.

வியாழன் காலைதோறும் மனைவி குழந்தையைத் துணியில் கிடத்தி, முடிந்து, கொக்கியில் மாட்டுவாள். நான் முள்ளைப் பார்த்து, துணியின் எடையைக் கழித்து எழுதுவேன். பிள்ளை காலை உதைத்தால் முள் துள்ளும். அது அடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். எடை ஏறாத வாரம் சோறு இறங்காது. என்னத்தைத்தான் பால் கொடுக்கிறாயோ என்று அவள்மேல் எரிந்து விழுவேன். சே, என்ன வாய் எனக்கு! பச்சைப் பிள்ளையை இப்படித் தொங்கவிட்டுப் பார்த்தால் கண்ணு பட்டுடும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதற்கு, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

ஆறாவது வாரம் எடை இருநூறு கிராம் கூடியிருந்தது. மூன்று தடவை மாட்டினேன். மூன்று தடவையும் அதே எண். துள்ளிக் குதித்தேன். அடுத்த இரண்டு வாரமும் ஏறியது. ஆனால் பிள்ளை எந்நேரமும் தூங்கினாள், அழுகை நைந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம் என்று மனைவி நச்சரித்தாள். எடை ஏறும் பிள்ளைக்கு என்ன குறை என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அவளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் பிள்ளையின் துணியைக் களைந்து எடை போட்டார். என் கணக்கைவிட அரைக் கிலோ குறைவு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"சார், உங்க மெஷினோட ஜீரோவைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

அவர் பிள்ளையை எடுத்துவிட்டுக் காட்டினார். சரியாகப் பூஜ்யம். நம் தராசு எப்படிப் பொய் சொல்லும் என்று நான் மறுபடி ஆரம்பித்தபோது மனைவி குறுக்கிட்டாள்.

"தராசு பொய் சொல்லலீங்க. நான்தான்."

கண்ணு படாமலிருக்க இரும்பு வைக்கவேண்டுமென்று ஆறாவது வாரம் பாக்குவெட்டியைத் துணி மடிப்புக்குள் வைத்திருக்கிறாள். மாட்டும்போது அதை எடுக்க மறந்துவிட்டாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

"அன்னிக்கு எடையைப் பாத்துட்டு நீங்க சிரிச்சீங்க. ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்புட்டீங்க. அப்புறம் அதை எடுக்க எனக்கு மனசு வரலை."

அடுத்த வாரம் கூடவே டிரங்குப் பெட்டிப் பூட்டு, அதற்கடுத்த வாரம் சாவிக்கொத்து. துணிக்குள் கை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை வாரமாகப் பிள்ளை தேறவில்லை என்று டாக்டர் கேட்டார். அவள்தான் சொன்னாள்.

"மூணு வாரமா, சார். பால் பத்தலைன்னு எனக்கு அப்பவே தெரியும். இவருகிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து நாள் வைத்திருந்து, பால் புகட்டித் தேற்றி அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளும் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை.