கொட்டாஞ்சேனையில் குத்திய கொரிய முத்திரை

“பொம்பிளைப் பிள்ளைக்கு இங்கிலீசு என்னத்துக்கு? கப்பலிலை வாற துரைமாருக்கு முத்திரை விக்கவோ?” என்று பெரியம்மா ஒருநாள் எங்கள் குசினி வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்த வேலையைத்தான் நான் அப்போது சனிக்கிழமைகளில் செய்துகொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அதனால் அம்மா அடுப்பை ஊதுவதில் மும்முரமாகிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் முதலில் உட்கார்ந்தவள் நான். என் தகப்பனாரான ஐயா துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தார். கையெழுத்துக் கேட்கிற இடத்தில் பெருவிரலைக் கொடுப்பார். அம்மாவின் தம்பியான மாமா, கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருந்தார். கப்பலிலிருந்து பயணிகள் வந்து இறங்கும் துறையில் சாமான் விற்பது அவர் தொழில். கழுத்தில் தொங்கும் தட்டில் கருங்காலி யானைகள், படம் போட்ட அஞ்சலட்டைகள், சிறு சிறு உறைகளில் பல நாட்டுப் பழைய முத்திரைகள். கையில் இலக்கம் பொறித்த பித்தளை வில்லை. அந்த வில்லை இல்லாமல் விற்பனைக்காரர் யாரும் துறைவாசலைத் தாண்ட முடியாது. குளிக்கும்போதுகூட மாமா அதைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் குளிப்பார்.

மாமா ஆங்கிலம் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரியாது. பேச்சும் விற்பனைக்கு வேண்டிய அளவுதான். நல்லது, மலிவு, கடைசி ஒன்று, சும்மா பாருங்கள். ஆகவே முத்திரைகளில் இருக்கும் பெயரை வாசித்து நாடு நாடாகப் பிரித்து உறையில் போடுவது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு உலகத்தையே பங்கு பிரித்துக் கொடுப்பதுபோல் ஒரு தோரணை இருந்தது.

ஒருநாள் ஒரு கப்பலின் சீனச் சமையற்காரர், மாமாவிடம் இடுப்பில் கட்டும் சாரம் இரண்டும் ஒரு குலை வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, ஒரு பிஸ்கட் தகரம் நிறைய முத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் புத்தம் புதியவை. செம்மஞ்சள், பச்சை, நீலத்தோடு இளஞ்சிவப்பு என்று நிறங்கள். நடுவில் ஒரு வட்டம்; அதற்குள் இரண்டு மீன்குஞ்சுகள் ஒன்றையொன்று சுற்றிப் படுத்திருப்பதுபோல ஓர் உருவம். எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு முத்திரைப் புத்தகம் இருந்தது. உலகத்து முத்திரைகள் எல்லாவற்றுக்கும் படமும் விபரமும் போட்ட புத்தகம். அதைப் புரட்டி இவை கொரியாவின் முதல் முத்திரைகள் என்று கண்டுபிடித்தேன். மணி அடித்துவிட்டதால் படத்தின் கீழிருந்த பொடி எழுத்தை வாசிக்கவில்லை.

ஆனால் கொரியா விற்கவில்லை. தட்டை எட்டிப் பார்த்த பயணிகள், இவ்வளவு புதிதாக இருப்பது உண்மையான முத்திரையாக இருக்க முடியாது, விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தபாலில் போனதற்கு அடையாளமாக மேலே கறுப்பு வட்டம் விழுந்திருந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். மெய்யான முத்திரையைப் பொய் என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்துத் தட்டில் சாயம் போன எதையோ வாங்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தட்டில் இருந்த கொரிய முத்திரைகள் எல்லாம் தபாலில் போய் வந்திருந்தன! ஒவ்வொன்றின் மூலையிலும் பாதி வட்டம், அதற்குள் ஏதோ கிறுக்கிய மாதிரி எழுத்து. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார்.

“வாங்கிற சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேணும் பிள்ளை,” என்றார்.

தேய்ந்துபோன சப்பாத்துக் குதியின் ரப்பரை அவர் சவர அலகால் செதுக்கி, விளக்குப் புகையும் தேங்காய் எண்ணெயும் குழைத்த மையில் தொட்டுக் குத்தியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த ஏதோ ஒரு கடித உறையில் விழுந்திருந்த தபால் வட்டத்தைப் பார்த்துத்தான் செதுக்கினாராம். அழகாகவே இருந்தது. நானும் உள்ளூர மெச்சினேன்.

அதன்பின் கொரியா விற்கத் தொடங்கியது. முக்கியமாக ஒரு துரை. அவுஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் இறங்கிய மெலிந்த மனிதர். வெள்ளைத் தொப்பி, சட்டைப்பையில் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. முத்திரை ஒன்றை எடுத்து அந்தக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வட்டம் குத்திய அத்தனையையும் வாங்கி, திரும்பி வரும்போது இன்னும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா அன்று வீட்டுக்கு வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில், அலமாரியை ஒழுங்குபடுத்த என்னை விட்டபோது, அந்தப் பொடி எழுத்தை வாசித்தேன். கொரியாவில் முதன்முதல் தபால் கந்தோர் திறந்து சில வாரங்களுக்குள் அங்கே பெரிய கலகம் வந்து, தபால் வேலையே நின்றுபோய்விட்டதாம். அதற்குள் மிகச் சின்ன விலை முத்திரைகள் இரண்டு மட்டுமே விற்பனைக்கு வந்தனவாம். எங்கள் தகரத்தில் இருந்த செம்மஞ்சளும் பச்சையும் நீலமும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவை ஒருநாளும் ஒரு கடிதத்திலும் ஒட்டப்படவில்லை. ஆகவே அவற்றின் மேல் தபால் வட்டம் இருந்தால் அது நிச்சயமாகப் பொய் என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கும்போது அதைவிடப் பெரிய விஷயம் தெரிந்தது. துரைக்காக மாமா மறுபடி குத்தி உலரவைத்திருந்த முத்திரை ஒன்று என் உள்ளங்கையில் இருந்தது. நேரே பார்த்தால் கிறுக்கலாக இருந்த எழுத்து, கண்ணாடியில் நல்ல ஆங்கிலமாகத் தெரிந்தது. எங்கள் தபால் கந்தோரின் பெயர். கொட்டாஞ்சேனை! வாசிக்கத் தெரியாத மாமா கடித உறையில் இருந்ததை இருந்தபடியே செதுக்கியிருந்தார். குத்தும்போது அது இடம்வலம் மாறி விழுந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அது கொரிய எழுத்து மாதிரியே இருக்கிறது என்று மெச்சியிருக்கிறோம்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எடேய், அந்தத் துரை திரும்பி வந்து துறை இன்ஸ்பெக்டரிட்டைச் சொன்னால் வில்லையைப் பறிச்சுப்போடுவாங்களடா. பிறகு என்ன செய்வாய்? நீயும் கரி சுமக்கப் போறியோ?”

“கொரியாவிலை கண்ணாடி இருக்கோ தெரியேல்லை, அக்கா,” என்றார் மாமா. வேடிக்கையாகச் சொன்னாலும் வில்லையை மறுகையால் பொத்திப் பிடித்திருந்தார்.

“மாமா, பின்பக்கத்தையும் பாருங்கோ. பசை அப்படியே மினுங்குது. கடிதத்திலை ஒட்டிக் கழட்டினதெண்டால் பசை இருக்குமோ?” என்றேன். எனக்கு அப்போது பயத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

“போதும் பிள்ளை. நீ என்னைக் கோட்டுக் கூண்டிலை ஏத்தாமல் விடமாட்டாய் போலை.”

கடைசியில் என் யோசனைதான் ஏற்கப்பட்டது. துரை வரும்போது உண்மையைச் சொல்லி, பொய்வட்டம் விழுந்தவற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தகரத்தில் மீந்திருந்த புதியவற்றைக் கொடுத்துவிடுவது. இவ்வளவையும் சொல்ல மாமாவின் ஆங்கிலம் போதாது. “நீ சொல்லு. நான் பாவம்போலை நிக்கிறன்,” என்றார். நான் பேசவேண்டியதை எழுதி, நடந்துகொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் பாடமாக்கினேன்.

துரையின் கப்பல் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. வெள்ளைச் சட்டை, நீல ரிபனுடன் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன். துரை வந்ததும், பாடமாக்கியதை ஒரு மூச்சில் ஒப்புவித்தேன். முத்திரை மெய், மேலே உள்ள வட்டம் பொய், மன்னிக்கவேண்டும், மாற்றித் தருகிறோம்.

துரை கோபிக்கவில்லை. இடமும் வலமும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குனிந்து, மிக மென்மையான குரலில் என்னோடு பேசினார். தான் வாங்கியவை எல்லாம் அவுஸ்திரேலியாவில் நல்ல மனிதர்களிடம் விலைபோய்விட்டன என்றார். ஒரு சில பிழைகள் மட்டும் இருக்கின்றன, அவற்றைத் திருத்தினால் போதும் என்றார். தட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து, அதன் முதுகில் பென்சிலால் பெரிய எழுத்தில் கொரியாவின் தலைநகரப் பெயரை எழுதினார். கீழே ஒரு வட்டம் வரைந்து, பெயர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்றும் காட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சிவப்புப் பென்சிலால் திருத்துவது மாதிரியே இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மாமா, துரைக்குக் கோவமே இல்லை! எங்கடை பிழையளைத் திருத்தித் தாறார்!”

“என்ன பிழையாம்?”

“ஊர்ப் பேர் பிழையாம். எழுதித் தந்திருக்கிறார். சின்ன விலை ரெண்டிலையும் மட்டும் குத்தவேணுமாம், அதுகளைத் தானே கொண்டுவந்து தருவாராம். பின்னாலை பசையைக் கழுவவேணுமாம்.”

“கழுவிப்போட்டு?”

“தனக்கு நூறு வேணுமாம்.”

மாமா துரையின் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக அவர் துரைமாரின் பையைத்தான் பார்ப்பார். பிறகு அந்த அஞ்சலட்டையை எடுத்து மெதுவாகத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“ஏலாதெண்டு சொல்லு பிள்ளை.”

எனக்கு விளங்கவில்லை. “மாமா, நூறு—”

“ஏலாதெண்டு சொல்லு.”

சொன்னேன். துரை சிரித்தார். மாமாவின் கையில் இருந்த வில்லையை விரலால் தொட்டு, அதிலிருந்த இலக்கத்தை வாய்விட்டு வாசித்தார். துறை இன்ஸ்பெக்டர் தனக்கு நல்ல பழக்கம் என்றார்.

“மாமா, துரைக்கு எங்கடை இன்ஸ்பெக்டரைத் தெரியுமாம்!” என்று ஆசையோடு மொழிபெயர்த்தேன். இவ்வளவு பெரிய மனிதர் எங்களுக்காக இன்ஸ்பெக்டரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

மாமாவின் கழுத்தில் தட்டு இலேசாக ஆடியது. கருங்காலி யானை ஒன்று சாய்ந்து விழுந்தது.

“நல்லதாய்ப் போச்சு. மூண்டு பேரும் இப்பவே அவரிட்டைப் போவம் எண்டு சொல்லு. துரை எழுதின அட்டையையும் காட்டுவம் எண்டு சொல்லு.”

நான் மிக மரியாதையாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன். துரை மணிக்கூட்டைப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தரச்சொல்லிக் கையை நீட்டினார். மாமா பையை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அஞ்சலட்டைக்காக இப்படிக் கஞ்சத்தனம் பிடிக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. துரை எனக்கு மட்டும் தொப்பியைத் தூக்கிவிட்டுப் படகுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா அப்படியே படியில் உட்கார்ந்தார். சாய்ந்த யானையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். எனக்கு ஒரு போத்தல் ஜிஞ்சர் பியர் வாங்கித் தந்தார், தான் குடிக்கவில்லை.

“நீ நல்லாய்க் கதைச்சாய் பிள்ளை,” என்றார்.

“கதைச்சு என்ன? நீங்கள் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள்,” என்று நான் வழிநெடுகக் கோபித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டேன். துரை எவ்வளவு நல்லவர், திருத்திக்கூடத் தந்தார், இன்ஸ்பெக்டரை அறிமுகம் செய்து வைக்க இருந்தார், மாமா முகத்தை முறித்துக்கொண்டார். அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சோற்றுக் கோப்பையில் மாமாவுக்குப் பொரித்த மீனில் பெரிய துண்டைப் போட்டார். எனக்குத்தான் அது வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் பின்னேரமே மாமா ரப்பர்க் குதியை அடுப்பில் போட்டார். புகை அக்கம்பக்கம் எல்லாம் நாறியது. அதற்குப் பிறகு அவர் புதிய முத்திரைகளைப் புதியவையாகவே விற்றார்; அதாவது, பெரும்பாலும் விற்கவில்லை. வில்லை மட்டும் கையிலேயே இருந்தது. அந்தத் துரை பிறகு துறைப் பக்கம் வரவேயில்லை. அவருக்கு என்ன வருத்தமோ என்று நான் கொஞ்ச நாள் கவலைப்பட்டேன்.

மாமாவுக்கு இப்போது கலியாணமாகி வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அன்றைக்கு அவர் ஏன் அப்படிப் படியில் உட்கார்ந்தார் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவை ஒருநாள் தானாகவே இல்லாமல் போயிற்று. நான் சீனியர் பரீட்சை பாஸ்பண்ணிய வருஷம், எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் வாடகைப் பாக்கி கேட்டு வாசலில் நின்று, ஐயாவின் கங்காணியைத் தனக்கு நல்லாய்த் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஐயாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் துறைப்படியும் ஜிஞ்சர் பியரும் சாய்ந்து விழுந்த யானையும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான் அன்றைக்கு ஒரு சொல்லையும் பிழையாக மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதைக் கொண்டுபோகிறேன் என்பதுதான் எனக்குத் தெரியாது.

கோட்டில் தமிழ்ச் சாட்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று போன மாதம் அறிவித்தல் வந்தது. பெண்கள் விண்ணப்பிக்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பெண் ஒருத்தி விண்ணப்பிப்பாள் என்று ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். நேர்முகத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “முந்தி எங்கையாவது செய்திருக்கிறீரோ, பிள்ளை?” என்று கேட்டார்.

“ஒருக்கால் செய்தனான், ஐயா. சொன்னதெல்லாம் சரியாய்ச் சொன்னனான். என்ன நடக்குதெண்டு மட்டும் விளங்கேல்லை.”

அவர் சிரிக்கவில்லை. என் பெயருக்கு நேரே பேனையால் ஒரு குறி போட்டார்.

நேற்றோடு நான் கோட்டுக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம். சாட்சி பேசும்போது நான் நிலத்தைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறேன்.