குழாயில் இருந்த ஓட்டை

என் எட்டு வயது மகள் எப்போதும் வாயால்தான் மூச்சு விடுவாள். கொஞ்சம் ஓடினாலே மூச்சு இளைக்கும். கீரனூரிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "காசுக்காகப் பெட்டுல போடத்தான் பாப்பாங்க, சூதானமா இரு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

டாக்டர் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சிழுக்கும் பலத்தை அளக்கும் பாதரசக் கருவியின் ரப்பர் குழாயை வாயில் கொடுத்து உறிஞ்சச் சொன்னார். பாதரசம் லேசாகத்தான் அசைந்தது. குழாயில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டைக் குழாயைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பலமில்லை என்பாரோ? அடுத்த தடவை, குழாயைத் தாங்குவதுபோல் ஓட்டையை விரலால் அடைத்தேன். பாதரசம் விறுவிறுவென்று ஏறியது.

"நெஞ்சு நல்லாத்தானே இருக்கு" என்ற டாக்டர், என் விரலைப் பார்த்துவிட்டார்.

"கையை எடுங்கம்மா. அந்த ஓட்டை வேணும்னுதான் போட்டிருக்கு. அடைச்சா கன்னத்தாலயே உறிஞ்சி ஏத்திரலாம். நெஞ்சோட பலம் எப்பிடித் தெரியும்?"

விரலை எடுத்தேன். மகள் மறுபடி உறிஞ்சியபோது பாதரசம் பழையபடி கீழேயே நின்றது.

அவர் கவனிக்காதிருந்தால், ஒன்றுமில்லை என்று வீடு திரும்பியிருப்போம். மூக்குக்கு வைத்தியமும் மூச்சுப் பயிற்சியும் அன்றே தொடங்கின.

இன்றும் டாக்டர்கள் மேல் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் வாய்விட்டுக் கேட்காமல் எதன் மேலும் விரல் வைப்பதில்லை.