கவியா வாங்கிய லூப்ஸ்

சுரக்குடி கவியா பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பல்லைப் பெரிதாகக் காட்டும் லூப்ஸ் கண்ணாடி ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரரிடம் இரண்டு மாதிரிகளைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்தாள். அப்பா நீலமேகத்தை நாற்காலியில் சாய்த்து, இரண்டில் அதிகம் பெரிதாக்கிக் காட்டுவதை முதலில் மாட்டினாள்.

“ஐயோ அப்பா! கடவாய்ப்பல்லுல கருப்பா பெரிய ஓட்டை!”

நீலமேகம் திறந்த வாயை மூடவே பயந்தார்.

அம்மா அமுதம் எட்டிப் பார்த்தாள். “அது எள்ளுடி. இப்பத்தான் எள்ளுருண்டை தின்னாரு.”

கவியா அசடு வழிந்தபடி மற்றதை மாட்டினாள். வாய் முழுவதும் தெரிந்தது. எள்ளும் எள்ளாகவே தெரிந்தது.

“இதையே வாங்கும்மா,” என்றார் நீலமேகம். “அதை மாட்டுனீன்னா ஊருல ஒருத்தனுக்கும் பல்லு மிஞ்சாது.”