பீரோவில் பூட்டிய ஆட்கள்

அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க இருந்த அரசாங்க வேலையைக் கெடுத்தது நீங்கள்தான், முதலாளி. நேரம் சரியில்லை, ஆடிட் வந்துவிட்டது என்று எதன் தலையிலும் அதைத் தூக்கிப் போட முடியாது. உங்களிடம் ஆள் எடுக்கும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்கள் கம்பெனி பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. கார் பிரேக்குக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற இடம். ஐ.டி.ஐ. முடித்து வருகிறவர்களை நான்தான் பார்த்துப் பார்த்து எடுப்பேன். ஆறு மாதம் மெஷினில் நின்று வேலை கற்றுக்கொண்டதும் ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அங்கே வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஏ.சி. பஸ் வருகிறது. இங்கே தகரக் கூரை. மே மாதத்தில் ஆபரேட்டர்கள் பனியனைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொள்வார்கள். கூரையை மாற்றலாம் என்று இரண்டு முறை சொன்னேன். கேட்டுக்கொண்டீர்கள். அவ்வளவுதான்.

ஒரே மாதத்தில் நான்கு பேர் போனபோது என்னைக் கூப்பிட்டுக் கத்தினீர்கள். "ஆளப் புடிக்கத் தெரியுது, நிறுத்தி வைக்கத் தெரியலையா உனக்கு?"

அந்த யோசனையைச் சொன்னது நான்தான். மறைக்க மாட்டேன். பக்கத்துத் தெருக் கம்பெனியில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம், ஒருவனும் நகருவதில்லையாம் என்றேன். கூரை பற்றிச் சொன்னபோது காது கேட்காதவருக்கு இது உடனே கேட்டது. மறுநாள் உங்கள் அறையில் ஒரு சாம்பல் நிற இரும்பு பீரோ வந்து இறங்கியது.

அதன் பிறகு சேர வந்த ஒவ்வொருவரிடமும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐ.டி.ஐ. சான்றிதழ், டி.சி. மூன்றையும் வாங்கினேன். "இங்க பத்திரமா இருக்கும்" என்று சொல்வேன். யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. வேலை வேண்டும் என்று வந்து நிற்கிறவர்கள் என்ன கேட்பார்கள்? பிளாஸ்டிக் கவரிலிருந்து மெதுவாக உருவி, மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் நீட்டுவார்கள். என் பி.ஏ. பட்டத்தையும் நீங்கள் வாங்கி உள்ளே வைத்தீர்கள். யோசனை சொன்னவனுக்கும் விலக்கு இல்லை.

பிறகு ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தீர்கள். ஊழியர்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்றீர்கள். கேன்டீன் சுவரில் ஒரு பலகை மாட்டினோம். மாதத்துக்கு ஒருவர் படம், அதன் கீழே "இம்மாதச் சிறந்த ஊழியர்". அதன் அடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்ட இரண்டு லேத் ஆபரேட்டர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"மாசாமாசம் ஒரு மூஞ்சிய மாட்றானுங்களே, எதுக்கு மாமே?"

"காணாமப் பூட்டா போலீஸ்ல காட்றதுக்கு."

மூத்தவர் என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் அடங்கவில்லை. "இன்னா சார், எங்க சர்டிபிகேட்டெல்லாம் நல்லா கீதா? கரையான் துன்னுடப் போவுது."

"இரும்பு பீரோய்யா அது."

"அப்ப துரு துன்னும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்தப் பலகையில் இரண்டு முறை வந்தது அந்தப் பெண்ணின் படம்தான். ஆவடி சேக்காட்டிலிருந்து வருவார். இன்ஸ்பெக்ஷனில் வேலை. அளவு தவறிய பெட்டிக்குச் சிவப்பு அட்டை கட்டினால் யார் சொன்னாலும் அவிழ்க்க மாட்டார். ஒருநாள் சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நிற்கிறது, நீங்களே உங்கள் அறையிலிருந்து இறங்கி வந்தீர்கள். "ஓட்ட லேசாதாம்மா பெருசு, வுட்டுடு" என்றீர்கள். "நுழையக் கூடாத கேஜ் நுழையுது சார். நீங்களே போட்டுப் பாருங்க" என்று அளவு பார்க்கிற கேஜை உங்கள் கையில் கொடுத்தார். போட்டுப் பார்த்தீர்கள். நுழைந்தது. கேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் இருந்த வரையில் கஸ்டமரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை. நல்ல ஆள் என்றால் அதுதான். ஒன்பது வருடத்தில் அப்படி ஓர் ஆளைத்தான் நான் எடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார். ஆவடியில் வியாழக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் வேண்டும்.

"எனக்கு இதான் சார் கடைசி சான்ஸ். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்."

உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை. "வியாழக்கிழமை குவாலிட்டி ஆடிட். அவ இல்லாம முடியாது. முடியட்டும், பாக்கலாம்" என்றீர்கள். செவ்வாயும் அதே பதில். புதன்கிழமை அந்தப் பெண் கேட்டபோது, சாவி முதலாளியிடம் இருக்கிறது, அவர் முகப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நான் சொன்னேன். பொய். மாற்றுச் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. என் பட்டமும் உள்ளேதான் இருக்கிறது என்ற பயம். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வேறு எங்கே போவேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஜெராக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனார். மாலை நான்கு மணிக்குள் அசலைக் கொண்டுவா என்று அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஷேர் ஆட்டோ பிடித்துப் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றார். நீங்கள் ஆடிட்டரோடு உங்கள் அறையில் இருந்தீர்கள். பீரோ உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. நான் உள்ளே வந்து உங்கள் காதில் சொன்னேன். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தீர்கள். சிரித்துக்கொண்டே ஆடிட்டரிடம், "இவங்கதான் சார் எங்க பெஸ்ட் எம்ப்ளாயி, நேரா கேளுங்க" என்று உள்ளே கூப்பிட்டீர்கள்.

வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கேஜை எப்போது சோதிப்பது, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, எல்லாம். பேப்பரைப் பார்க்காமல் சொன்னார். சொல்லி முடித்தால் கொடுத்துவிடுவீர்கள் என்று நம்பினார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் உங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றேகால் மணிக்கு, "சாப்ட்டியாம்மா? போய் சாப்புடு" என்றீர்கள்.

சாப்பிடவில்லை. ரிசப்ஷன் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு ஒரு முறை என்னைப் பார்த்து, "அண்ணே" என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிடுவார். நான் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மூன்று. மூன்றரை. அதற்கு மேல் கிளம்பினாலும் பிரயோஜனம் இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை.

ஐந்து மணிக்கு ஆடிட்டர் கை கொடுத்துவிட்டுப் போனார். நாம் தேறிவிட்டோம். நீங்களே பீரோவைத் திறந்து கவரை எடுத்துவந்து கொடுத்தீர்கள். "இதுக்கா இவ்ளோ? கேட்டா தர மாட்டேனா?" என்றீர்கள்.

"மூணு நாளா கேட்டுக்கினுதான் சார் கீறேன்" என்றார் அவர். அவர் வாயிலிருந்து அப்படிப் பேச்சு நான் கேட்டதில்லை. எங்களிடம் எப்போதும் திருத்திப் பேசுவார். அன்று அந்த அக்கறை போய்விட்டது. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. உங்களுக்கு ஆளும் கிடைக்கவில்லை, அவருக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை.

மறு வாரம் இழுப்பறையிலிருந்த சாவியால் பீரோவைத் திறந்து என் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். எனக்காக என்றால் திறக்க முடிந்தது. இப்போது கரையான்சாவடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். அந்தப் பெண் ஒரு துணிக்கடையில் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் எஸ்டேட் சங்கக் கட்டிடத்தில் நீங்கள் பேசினீர்கள். "நல்ல ஊழியர்களைத் தக்கவைப்பது எப்படி" என்று பேனர் கட்டியிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஊழியர்கள் என் குடும்பம் என்றீர்கள். கை தட்டினார்கள். கேள்வி கேட்கலாமா என்று எழுந்தேன், நேரமாகிவிட்டது என்று போண்டா கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அதே மேடையில் அடுத்த கூட்டத்துக்கும் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். போங்கள். நானும் வருகிறேன். என்னிடம் தனியாகப் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை முதலாளிகள் முன்னாலும் மைக்கைப் பிடித்து ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். அன்று பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நேரம் இருந்தது, நாற்காலியைத் திருப்பிப் பீரோக் கதவைத் திறக்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். ஏன் திறக்கவில்லை?